பெயரைக் கடைசியில் கேளுங்கள்: காட்டுச்செடிகளை இனங்காண ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு செடியைக் கண்டதும் நாம் முதலில் கேட்பது "இது என்ன செடி?" என்றுதான். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். யாராவது பெயர் சொல்வார்கள், குறித்துக்கொள்வேன். அடுத்த மழைக்கு அதே செடி பூவில்லாமல், சாண் உயரத்தில் முளைத்து நின்றால் தெரியாது. பெயர் என்னிடம் இருந்தது, செடி இல்லை.

பிறகு வரிசையை மாற்றினேன். முதலில் பார்ப்பது, அடுத்து எழுதுவது, அதன்பின் குடும்பம், பேரினம், எல்லாவற்றுக்கும் கடைசியில் சிற்றினப் பெயர். சிற்றினம் என்பது ஒரே வகைச் செடி, நெருங்கிய சிற்றினங்கள் சேர்ந்தது பேரினம், பேரினங்கள் சேர்ந்தது குடும்பம். இந்த வழிகாட்டியும் அந்த வரிசையில்தான் போகிறது. தாவரவியல் படித்திருக்க வேண்டியதில்லை. குனிந்து பார்க்கப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

முதல் படி: இடத்தைச் சுருக்குங்கள்

ஒரு பகுதியின் தாவரங்கள் என்றதும் மலை, அடர்காடு என்று மனம் ஓடும். வேண்டாம். நீர்நிலையின் ஒரு கரை, ஒரு கிலோமீட்டர் பாதையோரம், உழாமல் கிடக்கும் ஒரு நிலத்துண்டு, இவற்றில் ஒன்று போதும். நினைத்தபோது போய்வர முடிகிற இடமாக இருப்பதே முக்கியம். ஏனென்றால் அதே இடத்துக்கு மாதம் இரண்டு முறையாவது, ஓராண்டு முழுக்கப் போக வேண்டியிருக்கும். மழைக்கு முளைத்து, பூத்து, விதை சிந்தி, சில வாரங்களில் காய்ந்துபோகும் ஓராண்டுச் செடிகள் ஏராளம். ஒருமுறை மட்டும் போகிறவர் கண்ணில் அவற்றில் பாதி படாது.

எல்லையை ஒரு வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குள் வாழிடங்களைப் பிரியுங்கள்: நீர் விளிம்பு, மர நிழல், மிதிபடும் தரை, பாறை இடுக்கு, களிமண் பள்ளம். நிலத்துக்கே செடியின் பெயரை வைத்த மொழி நம்முடையது. எந்த மண்ணில், எந்த ஈரத்தில் நிற்கிறது என்பது செடியின் அடையாளத்தில் ஒரு பாதி.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 10 மடங்கு பெருக்கும் மடக்கு லென்ஸ், பென்சில், கெட்டி அட்டை நோட்டு, 15 செ.மீ. அளவுகோல், ஒரு சவரப் பிளேடு, ஊசி, சிறிய கத்தரி, பழைய செய்தித்தாள், கைப்பேசி. பேனா மை மழையில் கரையும், பென்சில் கரையாது. லென்ஸைச் செடிக்கு அருகில் பிடித்து எட்டி நின்று பார்ப்பது எல்லோரும் செய்யும் பிழை. லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, பூவை லென்ஸை நோக்கிக் கொண்டுவாருங்கள். சுமார் இரண்டரை செ.மீ. தூரத்தில் உருவம் தெளியும். முதன்முறை அப்படி ஒரு வெட்டுக்காயப்பூண்டின் பூவைப் பார்ப்பவர் அரை மணி நேரம் எழுந்திருக்க மாட்டார்.

இரண்டாம் படி: பூவுக்கு முன் இலையும் தண்டும்

பூதான் கண்ணை இழுக்கும். ஆனால் ஆண்டின் பெரும்பகுதி செடிகள் பூவில்லாமல் நிற்கின்றன. அதனால் கீழிருந்து மேலே பார்க்கப் பழகுங்கள்.

இலைகள் தண்டில் எப்படி அமைந்திருக்கின்றன என்பது முதல் கேள்வி. ஒரு கணுவுக்கு ஓர் இலையாக மாறி மாறி வருகிறதா, இரண்டிரண்டாக எதிரெதிரே வருகிறதா, மூன்றும் அதற்கு மேலும் வட்டமாக நிற்கிறதா? இந்த ஒரு பண்பு பல குடும்பங்களை ஒரே வீச்சில் தள்ளிவிடும். அம்மான் பச்சரிசியின் இலைகள் எதிரெதிர். குப்பைமேனியுடையவை மாறி மாறி வருபவை. இரண்டும் ஒரே குடும்பம் என்பதையும் கவனியுங்கள். இலையடுக்கம் வலுவான பண்புதான், ஆனால் அது மட்டும் போதாது.

அடுத்து, தனியிலையா, ஒரே காம்பில் பல சிற்றிலைகள் கொண்ட கூட்டிலையா. இங்கேதான் புதியவர்கள் அதிகம் வழுக்குகிறார்கள். இலைக் காம்பு தண்டோடு சேரும் கோணத்தில் ஒரு மொட்டு இருக்கும். சிற்றிலையின் அடியில் அது இருக்காது. மொட்டைத் தேடுங்கள், எது முழு இலை என்று அது சொல்லும். கீழாநெல்லியை எடுத்துக்கொள்வோம். மேலோட்டமாகப் பார்த்தால் புளிய இலை போலக் கூட்டிலைதான். திருப்பிப் பாருங்கள்: ஒவ்வொரு 'சிற்றிலை'யின் அடியிலும் ஒரு பூவோ காயோ தொங்கும். சிற்றிலையின் அடியில் பூ வராது. ஆகவே நீங்கள் இலை என்று நினைத்தது ஒரு சிறு கிளை, சிற்றிலை என்று நினைத்தது முழு இலை. கீழே நெல்லி தொங்குவதைப் பார்த்துப் பெயர் வைத்தவருக்கு லென்ஸ் தேவைப்படவில்லை.

பிறகு இலையின் அடியில் செதில் உண்டா என்று பாருங்கள். இலையடிச்செதில்கள் சின்னவை, சீக்கிரம் உதிர்பவை, ஆனால் உண்மை பேசுபவை. எதிரெதிர் இலைகள், இரண்டு காம்புகளுக்கும் நடுவே தண்டை ஒட்டிப் பாலம் போட்டதுபோல ஒரு செதில், விளிம்பு மழமழப்பான தனியிலை: மூன்றும் சேர்ந்தால் காபிச் செடியின் குடும்பமான ரூபியேசி என்று பெரும்பாலும் துணிந்து சொல்லலாம், பூவே இல்லாவிட்டாலும்.

தண்டைத் தொட்டுப் பாருங்கள். உருண்டையா, நான்கு பட்டையா, மூன்று பட்டையா? இலையைக் கிள்ளுங்கள். பால் வருகிறதா, என்ன நிறம்? கசக்கி முகருங்கள். ரோமங்களை லென்ஸில் பாருங்கள். துத்தி வகையறாக்களில் ஒவ்வொரு ரோமமும் நட்சத்திரம்போலக் கிளைத்திருக்கும். சில செடிகளுக்குத் தனி வித்தைகளும் உண்டு. கொழுஞ்சியின் ஒரு சிற்றிலையை நுனியைப் பிடித்து இழுத்தால் நேராகக் கிழியாது, அம்பு முனைபோல ஒரு கோணமாகப் பிய்ந்து வரும். பக்க நரம்புகள் நெருக்கமாக, ஒன்றுக்கொன்று இணையாக ஓடுவதே காரணம்.

சுவைத்துப் பார்ப்பதை மட்டும் பட்டியலில் சேர்க்காதீர்கள். குன்றிமணி விதையில் உள்ள ஆப்ரின், செங்காந்தள் கிழங்கில் உள்ள கால்ச்சிசின் இரண்டும் ஆளைக் கொல்லும் நஞ்சுகள். எருக்கம்பாலும் கள்ளிப்பாலும் கண்ணில் பட்டால் பார்வையே பாதிக்கப்படலாம். பால் தொட்ட விரலை உடனே கழுவுங்கள். பூனைக்காலிக் காயையும் செந்தட்டியையும் ஒருமுறை தொட்டால் வாழ்நாளுக்கும் மறக்காது. பார்த்தீனியம் சிலருக்குத் தோல் அழற்சியைத் தரும். தெரியாத செடியை வெறுங்கையால் பிடுங்குவது வீரமில்லை.

மூன்றாம் படி: பூவை அறுத்துப் பாருங்கள்

ஒரு பூவைப் பிளேடால் நெடுக்காகச் சரிபாதியாக வெட்டுங்கள். இன்னொரு பூவின் சூற்பையை, அதாவது பின்னால் காயாக மாறும் பகுதியை, குறுக்காக வெட்டுங்கள். இந்த இரண்டு வெட்டுகளில் குடும்பத்தின் முகவரி இருக்கிறது.

புல்லி இதழ்கள் எத்தனை, தனித்தனியா இணைந்தவையா? அல்லி இதழ்கள்? மகரந்தத்தாள்கள் எத்தனை, எதோடு ஒட்டியிருக்கின்றன? சூற்பை மற்ற உறுப்புகள் எழும் இடத்துக்கு மேலே அமர்ந்திருக்கிறதா, கீழே புதைந்திருக்கிறதா? குறுக்கு வெட்டில் எத்தனை அறைகள், சூல்கள் நடு அச்சில் ஒட்டியிருக்கின்றனவா, சுவரிலா? எண்ணுங்கள், எழுதுங்கள். நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று நம்பினால் மாலைக்குள் நான்கு ஐந்தாகிவிடும்.

எண்ணிக்கையில் மூன்று அல்லது அதன் மடங்கு வந்தால் ஒருவித்திலைப் பக்கம் (நெல்லைப்போல விதைக்குள் ஒரே பருப்பிலை), நான்கு, ஐந்து வந்தால் இருவித்திலைப் பக்கம் (அவரையைப்போல இரண்டு) என்பது தொடக்கக் கணக்கு. இலை நரம்பு இணையாக ஓடினால் ஒருவித்திலை, வலைபோல் பின்னினால் இருவித்திலை என்பதும் அப்படியே. ஆனால் சேம்பும் வள்ளிக்கொடிகளும் ஒருவித்திலைகளாக இருந்துகொண்டே வலைப்பின்னல் காட்டும். தொல்காப்பியத்தின் மரபியல் வேறொரு கோட்டைப் போட்டது: வெளிப்புறம் வைரம் பாய்ந்தது புல், உட்புறம் வைரம் பாய்ந்தது மரம். அந்தக் கணக்கில் பனையும் மூங்கிலும் புல். இன்றைய ஒருவித்திலை, இருவித்திலைப் பிரிவுக்கு அது வியப்பூட்டும் அளவு அருகில் வருகிறது, மூங்கில் விஷயத்திலோ அச்சு அசலாகப் பொருந்துகிறது. மூங்கில் உண்மையிலேயே புல் குடும்பம்தான்.

நான்காம் படி: குடும்பத்தைப் பிடியுங்கள்

உலகில் கடத்துத்திசு (நீரையும் உணவையும் கொண்டுசெல்லும் திசு) கொண்ட தாவரங்கள் ஏறத்தாழ 3.5 லட்சம் சிற்றினங்கள். யாராலும் அத்தனையையும் அறிய முடியாது. ஆனால் பூக்கும் தாவரங்களின் குடும்பங்கள், ஏபிஜி என்ற தாவரவியலாளர் குழு 2016-இல் வெளியிட்ட நான்காம் வகைப்பாட்டின்படி 416 மட்டுமே. அவற்றிலும் ஒரு பத்துப் பன்னிரண்டு குடும்பங்களைக் கற்றால் சூடான நாடுகளின் எந்தப் பாதையோரத்திலும் கண்ணில் படும் செடிகளில் பெரும்பாலானவற்றை உரிய பெட்டியில் போட்டுவிடலாம். என் அனுபவத்தில், சிற்றினம் சிற்றினமாக 200 பெயர்களை மனப்பாடம் செய்தவரைவிடப் பத்துக் குடும்பங்களை உணர்ந்தவர் வேகமாக முன்னேறுவார்.

ஆஸ்டரேசியிலிருந்து தொடங்குங்கள். சுமார் 32,000 சிற்றினங்களுடன் மிகப் பெரிய குடும்பங்களில் ஒன்று. வெட்டுக்காயப்பூண்டில் நீங்கள் ஒரு பூ என்று பார்ப்பது உண்மையில் ஒரு கூட்டம். விளிம்பில் மூன்று பல் கொண்ட இதழ்போல் தெரிவது ஒரு முழுப் பூ, நடுவில் மஞ்சளாக நெருங்கியிருக்கும் ஒவ்வொரு குழலும் ஒரு முழுப் பூ. கீழே பச்சையாகத் தாங்குவது புல்லிவட்டம் அல்ல, கூட்டம் முழுவதையும் அணைக்கும் செதில்கள். இதை ஒருமுறை கண்ணால் கண்டுவிட்டால் சூரியகாந்தி, கரிசலாங்கண்ணி, பார்த்தீனியம் எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று புரியும்.

அவரைக் குடும்பமான ஃபேபேசியில் காய் காட்டிக்கொடுக்கும்: ஒரே அறை, இரு பக்கமும் வெடிக்கும் நெற்று. பூவை வைத்து மட்டும் முடிவு செய்யப் பார்த்தால் குழப்பம் வரும். கொழுஞ்சியின் பூ வண்ணத்துப்பூச்சி வடிவம், ஆவாரை கிட்டத்தட்டச் சீரான ஐந்து இதழ், தொட்டாற்சிணுங்கி பஞ்சு உருண்டை. மூன்றும் ஒரே குடும்பத்துக்குள்தான்.

தும்பையைக் கையில் எடுங்கள். நான்கு பட்டைத் தண்டு, எதிரெதிர் இலை, இரண்டு உதடு கொண்ட பூ. லேமியேசி என்று எழுதப் போவீர்கள். கொஞ்சம் பொறுங்கள். ஆடாதோடை, கனகாம்பரம் இருக்கும் அகாந்தேசியிலும் எதிரெதிர் இலையும் உதட்டுப் பூவும் உண்டு, சிலவற்றில் பட்டைத் தண்டும் உண்டு. தீர்ப்பு காயில் இருக்கிறது. வாடிய புல்லிக் கிண்ணத்துக்குள் நான்கு சின்னஞ்சிறு கொட்டைகள் அமர்ந்திருந்தால் லேமியேசி. வெடித்துச் சிதறும் உலர்கனியும், விதையைத் தாங்கும் கொக்கியும் இருந்தால் அகாந்தேசி. பட்டாசுக்காயை எச்சில் தொட்டு வெடிக்கவிட்ட குழந்தைகள் அனைவரும் தெரியாமலே அந்தக் குடும்பத்தின் முக்கியப் பண்பைச் சோதித்தவர்கள்.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். மகரந்தத்தாள்கள் ஒன்றாக இணைந்து குழாயாகி, சூல்தண்டைச் சுற்றி நின்றால் மால்வேசி. எதிரெதிர் இலையும் பாலும் ஐந்து இதழும் சேர்ந்து வந்தால் அப்போசைனேசியைச் சந்தேகியுங்கள், எருக்கு அங்கே இருக்கிறது. புனல் பூவோடு சுற்றிப் படர்ந்தால் கன்வால்வுலேசி. ஆனால் அதே குடும்பத்து விஷ்ணுகிராந்தி படராமல் தரையோடு கிடக்கும். பாலும், மூன்று பகுதியாக உடையும் காயும் யூஃபோர்பியேசியைச் சுட்டும். ஆனால் குப்பைமேனியில் பால் வராது. கீழாநெல்லியும் முன்பு அந்தக் குடும்பத்தில்தான் இருந்தது, இப்போது ஃபில்லாந்தேசி என்று தனிக்குடித்தனம் போய்விட்டது.

புல்லும் கோரையும் தனிக் கதை. பலர் அவற்றைப் பார்த்ததும் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள். நானும் மூன்று ஆண்டுகள் "புல் வகை" என்று எழுதி நழுவினேன். திறந்த நிலத்தின் பரப்பில் பாதிக்கு மேல் அவையாக இருந்ததைப் பிறகுதான் கணக்கிட்டுப் பார்த்து வெட்கப்பட்டேன். பிரிப்பது எளிது: தண்டை விரல்களுக்கிடையே உருட்டுங்கள். மூன்று பட்டை உறுத்தினால் அநேகமாகக் கோரை, உருண்டு கணுக்களுக்கிடையே உள்ளீடற்று இருந்தால் புல். கோரையின் இலைகள் மூன்று வரிசையில் வரும், இலையுறை தண்டைச் சுற்றி மூடியிருக்கும். புல்லின் இலைகள் இரண்டு வரிசை, உறை ஒரு பக்கம் பிளந்திருக்கும், இலையும் உறையும் சேருமிடத்தில் சவ்வாகவோ ரோம வரிசையாகவோ ஒரு சின்ன நாக்கு இருக்கும். அந்த நாக்கின் வடிவத்தை வரைந்து வையுங்கள், பேரினத்தைப் பிரிக்கும்போது தேவைப்படும்.

ஐந்தாம் படி: அங்கேயே எழுதுங்கள், அங்கேயே படமெடுங்கள்

நோட்டில் ஒவ்வொரு செடிக்கும் ஓர் எண். அந்த எண் உங்கள் வாழ்நாள் முழுக்கத் தொடர வேண்டும், ஆண்டுக்கு ஆண்டு ஒன்றிலிருந்து தொடங்கக் கூடாது. தேதி, இடம், அட்சரேகை, தீர்க்கரேகை, வாழிடம், மண், செடியின் உயரம், படர்வா நிமிர்வா, அருகில் எத்தனை நின்றன என்பவற்றை எழுதுங்கள். அதைவிட முக்கியமாக, காய்ந்தபின் காணாமல் போகும் பண்புகளை எழுதுங்கள்: பூவின் நிறம், மணம், பாலின் நிறம், எந்த நேரத்தில் மலர்ந்தது, என்ன பூச்சி வந்தது.

ஒருமுறை மிக அழகான நீலப் பூ ஒன்றை நாற்பது படம் எடுத்துவந்தேன். எல்லாம் நேர் எதிரே இருந்து எடுத்த பூ. புல்லிவட்டம் தெரியவில்லை, இலை மங்கல், தண்டு இல்லை. இன்றுவரை அது எந்தச் செடி என்று தெரியாது. இப்போது ஒரு செடிக்குக் குறைந்தது ஏழு படம்: நிற்கும் இடத்தோடு முழுச் செடி, இலையின் மேற்புறம், அடிப்புறம், இலை தண்டோடு சேரும் கணு, பூ முன்னாலிருந்து, பூ பக்கவாட்டில், காய். ஒரு படத்திலாவது அளவுகோல் இருக்கட்டும்.

ஆறாம் படி: திறவுகோலைப் பயன்படுத்துதல், சொந்தமாக ஒன்று செய்தல்

ஒரு பகுதியின் தாவரங்களை முறைப்படி விவரிக்கும் நூல்களில் இரட்டைக் கூற்றுகளாலான திறவுகோல் இருக்கும். இரண்டு கூற்றில் பொருந்துவதைத் தேர்ந்தால் அடுத்த எண்ணுக்கு அனுப்பும், அப்படியே பெயர்வரை போகலாம். பிரெஞ்சு இயற்கையியலாளர் லமார்க் 1778-இல் தம் நாட்டுத் தாவரங்களுக்காக இந்த முறையைப் பெரிதாகக் கையாண்டார், இன்றும் அதைவிட நல்ல வழி வரவில்லை. பயன்படுத்தும்போது இரண்டு கூற்றையும் முழுதாகப் படியுங்கள். முதலாவது பொருந்துவதுபோல் இருந்ததும் தாவிவிடுவதால்தான் பாதிப் பிழைகள். சந்தேகம் வந்தால் இரண்டு பாதையிலும் போய்ப் பாருங்கள், தவறான பாதை சீக்கிரமே உளறத் தொடங்கும். முடிவில் வந்த பெயரை விவரிப்போடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். உங்கள் செடி அந்த நூலிலேயே இல்லாமல் இருக்கலாம், திறவுகோல் அதைச் சொல்லாது, ஏதாவதொரு பெயரைக் கையில் திணித்துவிடும்.

கற்க வேண்டுமானால் சொந்தமாக ஒன்று எழுதிப் பாருங்கள். நான்கு செடிகளுக்கு இப்படி வரும்:

1அ. இலைகள் எதிரெதிர்: 2-க்குச் செல்க
1ஆ. இலைகள் மாறி மாறி: 3-க்குச் செல்க
2அ. கிள்ளினால் பால் வரும், தண்டு உருண்டை: அம்மான் பச்சரிசி
2ஆ. பால் இல்லை, தண்டு நான்கு பட்டை: தும்பை
3அ. இலை விளிம்பில் பற்கள், பூக்கள் கதிராக, அடியில் கிண்ணம் போன்ற செதில்: குப்பைமேனி
3ஆ. இலை விளிம்பு மழமழப்பு, பூக்கள் இலைகளுக்கு அடியில் தனித்துத் தொங்கும்: கீழாநெல்லி

ஐந்தாவது செடியைச் சேர்க்கும்போது இது உடையும். உடைந்த இடத்தைச் சரிசெய்வதுதான் பாடம்.

கைப்பேசிச் செயலிகள் வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். பிளான்ட்நெட், ஐநேச்சுரலிஸ்ட் போன்றவை படத்தைப் பார்த்துச் சில பெயர்களை முன்வைக்கின்றன, குடும்பம் வரையில் பெரும்பாலும் நல்ல துப்பு கிடைக்கிறது. ஆனால் புல், கோரை, நாற்று, ஒன்றுபோல் தோன்றும் நெருங்கிய சிற்றினங்கள் என்று வரும்போது அவை தடுமாறுகின்றன. சூற்பையின் அறைகளைப் படம் எண்ணாது. செயலி சொன்ன பெயரை ஒரு சந்தேகமாக எழுதுங்கள், விடையாக எழுதாதீர்கள். ஐநேச்சுரலிஸ்டில் பதிவிட்டால் வேறு மனிதர்களும் பார்த்துத் திருத்துவார்கள். அதன் உண்மையான பலம் அங்கேதான்.

ஏழாம் படி: பெயர்களோடு பழகுதல்

இப்போது பெயருக்கு வரலாம். தாவரப் பெயர்களுக்கான தொடக்கப் புள்ளி 1753, ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் தம் சிற்றினத் தொகுப்பை வெளியிட்ட ஆண்டு. முதற்சொல் பேரினம், இரண்டாவது சிற்றினத்தைச் சுட்டும் சொல். தும்பை, லூகாஸ் ஆஸ்பெரா. ஆஸ்பெரா என்றால் சொரசொரப்பானது. தொட்டுப் பார்த்தால் ஏன் என்று தெரியும். பெயருக்குப் பின்னால் வருவது பெயரிட்டவர்கள்: இதை முதலில் வில்டெனோ வேறொரு பேரினத்தில் வைத்தார், பிறகு லிங்க் லூகாஸுக்கு மாற்றினார், அதனால் வில்டெனோவின் பெயர் அடைப்புக்குறிக்குள் நிற்கும்.

பெயர்கள் மாறும். எரிச்சலாக இருக்கும், ஆனால் காரணமில்லாமல் மாறுவதில்லை. கருவேலம் நெடுங்காலம் அகேசியா என்று அழைக்கப்பட்டது. அந்தப் பேரினம் ஒரே வமிசம் அல்ல என்று தெரிந்து பிரிக்கப்பட்டபோது, 2005-இல் வியன்னாவில் நடந்த தாவரவியல் மாநாட்டு முடிவுப்படி அகேசியா என்ற பெயர் ஆஸ்திரேலியச் சிற்றினங்களோடு நின்றது, கருவேலம் வச்செல்லியா நைலோட்டிகா ஆனது. சீமைக் கருவேலத்தை ப்ரோசோபிஸிலிருந்து பிரித்து நெல்டுமா என்று 2022-இல் மாற்றினார்கள். வன்னி மட்டும் ப்ரோசோபிஸாகவே இருக்கிறது. எனவே பழைய நூலில் கிடைத்த பெயரை, லண்டன் கியூ தாவரத் தோட்டத்தின் இணையத் தரவுத்தளத்தில் ஒருமுறை தேடி, இன்று ஏற்கப்பட்ட பெயர் எது, இணைப்பெயர் எது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பேச்சுவழக்குப் பெயர்களைக் குறைவாக மதிக்க வேண்டாம். ஒவ்வொரு செடிக்கும், யாரிடம், எந்த இடத்தில் கேட்ட பெயர் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஒரே பெயர் பத்துக் கல் தள்ளி வேறு செடியைக் குறிக்கும். வேர், இலை, காய் என்று எதைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள் என்பதும் ஓர் அவதானிப்புதான். ஆனால் மருந்தென்று சொல்லப்படும் செடியில் பெயரை மட்டும் நம்பி எதையும் செய்யாதீர்கள். அறிவியல் பெயரே ஏமாற்றியிருக்கிறது. கீழாநெல்லி வகையில் ஒன்றுபோலத் தோன்றும் பல சிற்றினங்களைப் பழைய நூல்கள் ஃபில்லாந்தஸ் நிரூரி என்ற ஒரே பெயரில் கலந்து எழுதின. உண்மையான நிரூரி அமெரிக்கக் கண்டத்துச் செடி. நம் கண்ணில் பெரும்பாலும் படுவது அமாரஸ். அதோடு கலந்து வளரும் யூரினேரியாவின் காய் சொரசொரப்பானது, காம்பு இல்லாததுபோல் ஒட்டியிருக்கும். லென்ஸுக்கு ஐந்து விநாடி வேலை.

எட்டாம் படி: மாதிரி எடுத்தல்

எல்லாச் செடியையும் பறிக்கக் கூடாது. பாதுகாக்கப்பட்ட வனமென்றால் வனத்துறையின் எழுத்துவழி அனுமதியில்லாமல் ஓர் இலையும் எடுக்க வேண்டாம். மற்ற இடங்களிலும் களப்பணியாளர்கள் கடைப்பிடிக்கும் கணக்கு ஒன்று உண்டு: இருபது நின்றால் ஒன்று எடுக்கலாம். அதற்குக் குறைவென்றால் படத்தோடு நிறுத்துங்கள். அரியவை, ஆர்க்கிட்கள் என்றால் எண்ணாமலே நிறுத்துங்கள். சிறு செடியை வேரோடு எடுக்கலாம். மரமென்றால் பூவும் காயும் உள்ள ஒரு கிளைநுனி போதும்.

செய்தித்தாள் மடிப்புக்குள், இலைகளைப் பிரித்து வையுங்கள். ஒன்றிரண்டு இலைகள் அடிப்புறம் தெரியும்படி திரும்பியிருக்கட்டும். நீளமான செடியை வளைக்காமல் ஒடித்து, கோணல்மாணலாக மடிக்கலாம். இரண்டு பலகைகளுக்கு நடுவே அடுக்கி இறுக்கிக் கட்டுங்கள். முதல் நான்கைந்து நாள் தினமும் தாளை மாற்ற வேண்டும். சோம்பல் பட்டால் பூஞ்சை பிடிக்கும், செடி கறுக்கும். ஒரு வாரம் பத்து நாளில் காய்ந்துவிடும். சதைப்பற்றுள்ள செடிகள் தாளுக்குள்ளேயே வளரும் பிடிவாதக்காரர்கள். அவற்றைக் கொதிநீரில் சிலநொடி முக்கி எடுத்துவிட்டு வைத்தால் அடங்கும்.

காய்ந்ததைச் சுமார் 42 × 28 செ.மீ. கெட்டித் தாளில் தைத்தோ ஒட்டியோ, வலது கீழ் மூலையில் விவரச்சீட்டை ஒட்டுங்கள். சீட்டில்லாத மாதிரி வெறும் வைக்கோல். பூச்சிக்கு ஒரு காலத்தில் பாதரசக் குளோரைடு பூசினார்கள், கடும் நஞ்சு அது, பழைய மாதிரிகளைக் கையாளும்போது நினைவில் இருக்கட்டும். இப்போது காற்றுப் புகாத பையில் போட்டு -20 டிகிரி செல்சியஸ் உறைநிலையில் ஒரு வாரம் வைப்பது வழக்கம்.

உலகெங்கும் 3,000-க்கும் மேற்பட்ட உலர்தாவரத் தொகுப்பகங்கள் உள்ளன. பெயர் உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால், அருகிலுள்ள தொகுப்பகத்தில் அனுமதி பெற்று, உங்கள் மாதிரியை அங்குள்ள தாளோடு பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுபோல் வேறெதுவும் வராது. பல தொகுப்புகள் இப்போது படங்களாக இணையத்திலும் கிடைக்கின்றன.

பட்டியலுக்கு அப்பால்

ஓராண்டில் 150 பெயர் கொண்ட பட்டியல் கையில் இருக்கலாம். அது ஆய்வு அல்ல, ஆய்வுக்கான அகராதி. எளிய கேள்வி ஒன்றை எடுங்கள்.

எது எப்போது பூக்கிறது என்பது ஒன்று. செடிகள் வரிசையாக, மாதங்கள் நெடுவரிசையாக ஒரு கட்டம் போட்டு, ஒவ்வொரு முறை போகும்போதும் மொட்டு, பூ, காய், விதை என்று குறியுங்கள். மூன்றாண்டு தொடர்ந்தால் மழை தள்ளிப்போன ஆண்டில் எவை காத்திருந்தன, எவை பொருட்படுத்தவில்லை என்று தெரியும்.

எது எவ்வளவு இருக்கிறது என்பது இன்னொன்று. சிறு செடிகளுக்கு 1 × 1 மீ., புதர்களுக்கு 5 × 5 மீ., மரங்களுக்கு 10 × 10 மீ. கட்டங்களைக் கயிற்றால் அளந்து, உள்ளே இருப்பதை எண்ணுங்கள். கட்டம் எங்கே விழ வேண்டும் என்பதை உங்கள் விருப்பத்துக்கு விடாதீர்கள், கண் தானாகவே அழகான இடத்துக்குப் போகும். சீட்டுக் குலுக்கியோ சம இடைவெளியிலோ முடிவு செய்யுங்கள். புதிய கட்டம் சேர்க்கச் சேர்க்கப் புதிய சிற்றினங்கள் குறைந்துகொண்டே வரும். கட்டங்களின் எண்ணிக்கைக்கு எதிரே மொத்தச் சிற்றினங்களை வரைபடமாகப் போடுங்கள், கோடு தட்டையாகும்போது நிறுத்தலாம்.

வந்தேறிகள் எவை என்று பிரிப்பதும் பயனுள்ள வேலை. வெட்டுக்காயப்பூண்டு, பார்த்தீனியம், உண்ணிச்செடி மூன்றும் வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து உலகம் சுற்றியவை. மிதிபட்ட கட்டங்களில் அவற்றின் பங்கு எவ்வளவு, மிதிபடாதவற்றில் எவ்வளவு என்று ஒப்பிட்டாலே ஒரு நல்ல கட்டுரைக்குச் சரக்கு கிடைக்கும். அல்லது ஒரே ஒரு செடியோடு உட்காருங்கள். கானாவாழை மேலே நீலப் பூ பூப்பது எல்லோருக்கும் தெரியும். அதே செடி மண்ணுக்கடியில் திறக்காத பூக்களை வைத்து, யாரும் பார்க்காமல் தன்னைத்தானே சூலாக்கி விதை செய்கிறது. நோண்டிப் பார்த்தால் காணலாம்.

என் அலமாரியில் "பேரினம் மட்டும்" என்று எழுதிய ஒரு கோப்பு இருக்கிறது. பூ கிடைத்து காய் கிடைக்காதவை, காய் கிடைத்து பூ கிடைக்காதவை, எறும்பு அரித்தவை. எண் 212 ஒரு கோரை, முற்றிய கொட்டை இல்லாமல் மேலே நகராது. மழை நின்று ஆறாவது வாரம் கொட்டை முற்றும் என்று என் பூப்புக் கட்டம் சொல்கிறது. அந்த வாரத்தில் பிளேடையும் லென்ஸையும் எடுத்துக்கொண்டு அதே பள்ளத்துக்குப் போக வேண்டும்.